புகைக்குண்டின் மறுபெயர்

புகைக்குண்டு என்ற சொல்லைப் பற்றிச் சிவகௌரியை விட அதிகம் தெரிந்தவர் அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதை போகிற போக்கில் இரக்கப்பட்டு, "பாவம் மனிசி, தெரியாமல் செய்துபோட்டுது" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சனம் அவளைப் பாதி கொன்றது.

சிவகௌரி அரசாங்க மொழிபெயர்ப்பாளர். தமிழும் சிங்களமும் இங்கிலிசும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், வேலை பார்க்கிற கந்தோர் வடமராட்சியில். காலையில் பருத்தித்துறை பஸ், பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். வீட்டில் அவளும் கம்பஸில் படிக்கிற மகள் தர்சினியும் மட்டும்தான். பல வருசம் வவுனியாவில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்து, அதிகாரிகளின் காணாத காலெல்லாம் கண்டு, கெஞ்சி மன்றாடி, போன வருசம்தான் ஊருக்கு மாற்றம் எடுத்து வந்திருந்தாள்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருந்தது. ஞாயிறு பேப்பரில் சொற்களைப் பற்றி 'கிளுவை' என்ற பெயரில் ஒரு பத்தி வந்துகொண்டிருந்ததே, அந்தக் கிளுவை இவள்தான். அரசாங்க உத்தியோகம் என்பதால் சொந்தப் பெயர் போடவில்லை. பேப்பர் ஆசிரியருக்கும் தர்சினிக்கும் மட்டும் தெரிந்த விசயம் அது.

அந்த மாசி மாதம் கிளுவை எழுதியது, பிளேன் வருவதற்கு முன்னம் ஆகாயத்தில் போனவற்றின் பெயர்களைப் பற்றி. குண்டு என்றால் முதலில் வெறும் உருண்டைதான் என்று தொடங்கியிருந்தாள். குண்டுமணி, குண்டுச்சட்டி, குண்டுப்பிள்ளை. பீரங்கியிலிருந்து பாய்ந்ததும் உருண்டையாக இருந்தபடியால் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. மெல்லிய கடதாசியை உருண்டையாக ஒட்டி, கீழ்வாயில் நெருப்புப் பிடித்து, உள்ளே சூடும் புகையும் நிரம்பியதும் திருவிழாவில் மேலே விடுகிறோமே, அதற்கும் கரையோரச் சனம் அந்தச் சொல்லையே வைத்துப் புகைக்குண்டு என்றது. பிறகு வெள்ளைக்காரன் மெசின் பூட்டிய நீளக் கூண்டில் ஆள் ஏற்றிப் பறக்கிறானாம் என்று கதை வந்தது. நீளமாக இருக்கிற ஒன்றைக் குண்டு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கடலோடிகளுக்கு நீளமாக மிதப்பது கப்பல். ஆகாயக்கப்பல் என்றார்கள். அந்தக் கப்பல்கள் எரிந்தும் விழுந்தும் உலகத்தை விட்டே போய்விட்டன. சொல் கொஞ்சக் காலம் வேலைவெட்டி இல்லாமல் நின்றுவிட்டு, ஏரோப்பிளேனிடம் வேலைக்குச் சேர்ந்தது. பலாலிக்கு ஆகாயக்கப்பல் பார்க்கப் போனோம் என்று சொல்லும் கிழடுகள் இப்போதும் உண்டு. இப்படிப் போனது பத்தி.

அதில் அவளுக்கே மெத்தப் பிடித்தது கடைசிப் பந்தி. குண்டைப் போடலாம், எறியலாம், வைக்கலாம், ஆனால் விட முடியாது என்று எழுதியிருந்தாள். விடுவது பட்டத்தை, வள்ளத்தை, புகைக்குண்டை. பக்கத்தில் நிற்கிற வினையைப் பார்த்தால் பெயரின் குணம் தெரிந்துவிடும். இதை எழுதி முடித்த அன்று, தானே போட்ட தேத்தண்ணியைத் தானே மெச்சிக் குடித்தாள். கொஞ்சம் கர்வம் பிடித்தவள்தான்.

யூன் மாதம் பிறந்து இரண்டொரு நாளில் கந்தோருக்குப் பொலிசிலிருந்து ரெலிபோன் வந்தது. தமிழ்க் கொன்ஸ்டபிள் லீவு, ஒரு சின்ன மொழிபெயர்ப்பு இருக்கிறது, மிஸ் ஒருக்கால் வந்துபோக முடியுமா என்று கேட்டார்கள். அது ஈஸ்டர் குண்டுகள் வெடித்த வருசம். கோயில், குண்டு என்ற இரண்டு சொல்லும் ஒரே வரியில் வந்தால் நாடே திடுக்கிடுகிற காலம்.

பொறுப்பதிகாரி சிங்களவர், குரலை உயர்த்தாத மனிதர். எழுந்து நின்று கதிரை காட்டினார். சோடா எடுப்பித்தார். விசயம் இதுதான். கரையோரக் கிராமத்துப் பெடியன் ஒருவன், பெயர் றஜிந்தன், ஹெல்மெற் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டுப்பட்டிருக்கிறான். பேசாமல் தண்டத்தைக் கட்டாமல் வாய் காட்டியிருக்கிறான். போனைப் பறித்துப் பார்த்ததில், கூட்டாளிக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று அகப்பட்டிருக்கிறது. அவர் அதைப் போட்டுக் காட்டினார்.

"மச்சான், பெருநாளண்டு பின்னேரம் மூண்டு புகைக்குண்டு விடவேணும். போனமுறை மாதிரிச் சொதப்பக்கூடாது. சோளகக் காத்துத் தொடங்கிட்டுது, நேர ஆமிக் காம்புக்கு மேலாலைதான் போகும். போகட்டும், அவங்களும் பாக்கட்டும்."

பெடியன் சிரித்துக்கொண்டு கதைத்திருந்தான். பின்னால் கோழி ஒன்று கத்தியது. சிவகௌரிக்கு முதலில் வந்தது சந்தோசம், வெட்கங்கெட்ட சந்தோசம். விடவேணும் என்றான், பாருங்கள். தான் எழுதிய வினை ஒரு மீனவப் பெடியனின் வாயில் உயிரோடு கிடக்கிறது. இதை அடுத்த பத்தியில் போடலாமா என்று கூட ஒரு கணம் ஓடியது.

"புகை எண்டால் தும்," என்றார் அதிகாரி, சிங்களச் சொல்லைப் போட்டு. அவருக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். "சரியா மிஸ்?"

"சரி."

"குண்டு எண்டால் போம்ப. சரியா?"

சிவகௌரி வாயைத் திறந்தாள். ஒரு நிமிசக் கதைதான். இது கடதாசியில் செய்வது, அந்தோனியார் பெருநாளுக்கு விடுவது, சிங்கள ஊர்களில் வெசாக்குக்குக் கடதாசி வெளிச்சக்கூடு கட்டுகிறீர்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லியிருந்தால் மனிதர் சிரித்துவிட்டு ஹெல்மெற்றுக்கு மட்டும் தண்டம் எழுதியிருப்பார். சிங்களத்தில் அந்த வசனம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அதற்குள் அவர் சும்மா கேட்பதுபோல ஒன்று கேட்டார். "மிஸ்ஸுக்குப் போன வருசம்தானே வவுனியாவிலிருந்து மாற்றம் வந்தது?"

ஓம் என்றாள். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மரியாதைக்குக் கேட்டிருப்பார். அவர் வெருட்டினார் என்று நான் சொல்லமாட்டேன், அவளும் பிறகு ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் கணக்குப் போடத் தொடங்கினாள். இது குண்டில்லை என்று சொன்னால், மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று கேட்பார். நாளைக்கு உண்மையாகவே ஏதாவது வெடித்தால், அன்றைக்கு இல்லையென்று சொன்ன பெண் எங்கே என்று கேட்பார்கள். திரும்ப வவுனியா, திரும்ப அந்த அறை, தர்சினி தனிய.

"போம்ப, நேத? அப்பிடித்தானே?" என்றார் அதிகாரி இன்னொரு முறை.

"ஓம், குண்டு எண்டால் அதுதான்," என்றாள் சிவகௌரி.

அவர் எழுதினார். தும் போம்ப மூன்று. இராணுவ முகாமுக்கு மேலாக. தேவாலயத் திருநாள் அன்று. அவள் கீழே கையெழுத்து வைத்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. புகை என்றால் தும் என்பதும் சரி, குண்டு என்றால் போம்ப என்பதும் சரி. மீனைத் துண்டு துண்டாக வெட்டி நிறுத்தாலும் நிறை சரியாகத்தான் இருக்கும். மீன்தான் செத்துப்போயிருக்கும்.

வல்லை வெளியில் பஸ் போகும்போது காற்று முகத்தில் அறைந்தது. நாளைக்குக் காலையில் ரெலிபோன் எடுத்து, "சேர், நான் வீட்டை போய் யோசிச்சுப் பார்த்தேன், அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்தும் உண்டு" என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். அதிகாரியின் நம்பர் போனில் இருந்தது. காலையில் எடுத்தாள், நம்பரைப் பார்த்தாள், வைத்தாள். அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று நினைத்தாள். அதற்கடுத்த நாள், இப்போது போய்ச் சொன்னால் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று நினைத்தாள். இப்படி ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிடக் கஷ்டமாகிப்போனது. அதற்குள் றஜிந்தனை நீதவான் முன்னால் நிறுத்தி விளக்கமறியல் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெடியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. புகைக்குண்டுதான் ஐயா, எல்லாப் பெருநாளுக்கும் விடுகிறதுதான் ஐயா, எங்கடை அப்பாவும் விட்டவர் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். அவன் சொல்லச் சொல்ல அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப அவனைக் கடித்தது. மொழிபெயர்ப்புத்தான் வந்துவிட்டதே, பிறகென்ன விளக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

பெருநாளுக்கு முதல் நாள் காலை, தர்சினி குசினிக்குள் பேப்பரோடு வந்தாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. தேவாலயத் திருநாளில் புகைக்குண்டுத் தாக்குதல் சதி, இளைஞர் மறியலில். அம்மா, இது நீங்கள் எழுதின புகைக்குண்டெல்லே?"

சிவகௌரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்த மடையன் இதை மொழிபெயர்த்தவன்?" தர்சினிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஒரு அப்பாவி உள்ளுக்கை கிடக்கிறான். உங்கடை கந்தோர் ஆக்களோ அம்மா?"

"தெரியாது பிள்ளை."

"நீங்கள் ஒருக்கால் பொலிசுக்குச் சொல்லலாமே."

"பாப்பம்," என்றாள் தாய். தேங்காய் முடிந்து சிரட்டையைத் திருவிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை. மண்ணிறத் தூள் விழுந்த பிறகுதான் நிறுத்தினாள். அன்றைக்குச் சம்பல் கசந்தது.

அந்தோனியார் பெருநாள் ஆமிக் காவலோடு நடந்தது. கோயில் வாசலில் சனத்தின் பைகளைக் கிளறிப் பார்த்தார்கள். ஆகாயத்தில் ஒன்றும் போகவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு கிழமையில் பார்த்தீபன் என்ற இளம் லோயர் கந்தோருக்கு வந்தார். றஜிந்தனுக்காக நிற்பவர். சிவகௌரி அவரைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். முடிந்தால் நல்லது என்றும் நினைத்தாள். ஆனால் மனிதர் சண்டைக்கு வரவில்லை, தேவைக்கு அதிகமாகவே பணிவாக இருந்தார்.

"மிஸ்ஸின்ரை சொந்த ஊர் தென்மராட்சி எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம், மீசாலை."

"அதுதான் நானும் நினைச்சன். அங்கை இந்தச் சொல் புழக்கத்திலை இராது. மிஸ்ஸிலை ஒரு பிழையுமில்லை. கோட்டிலை வந்து, இந்தப் பகுதி வழக்கு எனக்குத் தெரியாது எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும். பொலிசும் முகம் கறுக்காமல் விட்டிடும், பெடியனும் வெளியிலை வந்திடுவான்."

யோசித்துப் பாருங்கள். கேட்காமலே கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தெரியாது என்றால் எல்லாருக்கும் நல்லது. தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் எழுதிக் கொடுத்தாய் என்ற விசாரணை. அதனால் பெடியனுக்கும் ஒரு லாபமும் இல்லை, வழக்குத் தவணை இழுபடும். சிவகௌரி தலையாட்டினாள். இந்த நியாயத்தை அவள் பிறகு எத்தனையோ தரம் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். நியாயம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் அது அவளுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

கோட்டில் பார்த்தீபன் ஒரு கடதாசிக் கூண்டைக் கொண்டுவந்து விரித்தார். பச்சையும் சிவப்புமாக மேசையை மூடிக்கொண்டு கிடந்தது. நீதவானுக்குக் கூடச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு பேப்பர்த் துண்டு.

"கனம் நீதவான் அவர்களே, கிளுவை என்ற ஓர் அறிஞர் இந்தச் சொல்லைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்," என்று தொடங்கி வாசித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி வாசித்தார். குண்டைப் போடலாம், எறியலாம், வைக்கலாம், ஆனால் விட முடியாது. சிவகௌரி சாட்சிக் கூண்டுக்குள் நின்று தன்னுடைய வசனத்தைத் தானே கேட்டாள். அந்தக் கடைசிப் பந்தியை எழுதிய கையைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

நீதவான் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர். இந்தப் பத்தியை வாசித்திருக்கிறீர்களா?"

"இல்லை ஐயா."

"புகைக்குண்டு என்றால் இந்தப் பகுதியில் இதுதான் என்று தெரியுமா?"

"தெரியாது ஐயா."

பொறுப்பதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார். எதிரே நின்ற றஜிந்தன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், பரவாயில்லை அக்கா என்கிற மாதிரி. வயது இருபத்தாறு இருக்கும். குரலில் கேட்டதைவிட மெலிந்திருந்தான். அவளை வைதிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவன் பரவாயில்லை என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றே அவனை விட்டுவிட்டார்கள். வாசலில் அவனுடைய தாய் லூர்த்தம்மா வந்து சிவகௌரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் சந்தையில் நின்று நின்று காய்த்துப்போன கை.

"பிள்ளை, நீ மனசிலை ஒண்டும் வச்சிருக்காதை. தென்மராட்சிப் பிள்ளைக்கு எங்கடை கரையூர்க் கதை எப்பிடித் தெரியும்? அவன் வந்தால் ஒண்டு விடுறதெண்டு அந்தோனியாருக்கு நேந்தனான். வாற செவ்வாய்க்கிழமை பூசை முடிய விடுவினம். நீ கட்டாயம் வரவேணும்."

வீட்டுக்கு வந்தால் தர்சினி வாசலிலேயே நின்றாள். இணையத்தில் செய்தி வந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லாமல். "அம்மா, உங்கடை பத்தி ஒரு ஆளை மறியலாலை எடுத்துவிட்டிட்டுது," என்று கட்டிப்பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் உங்களை நினைச்சு எவ்வளவு பெருமைப்படுறன் தெரியுமே? அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இனியாவது உங்களை வாசிக்கச் சொல்லவேணும்."

மகளின் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள் சிவகௌரி. மகள் விட்ட பிறகு போய் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு காலமும் வெட்கம் என்ற சொல்லை எத்தனை இடத்தில் மொழிபெயர்த்திருப்பாள், அது தோலுக்குக் கீழே இப்படி ஊரும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போகாமல் விடலாம் என்றுதான் இருந்தாள். போகாமல் விட்டால் அதுவும் ஒரு பயம்தான் என்று பட்டது. கந்தோரிலிருந்து நேரே ஓட்டோ பிடித்து, ஒரு பெட்டி பிஸ்கற்றோடு கரைக்குப் போனாள். கோயிலுக்குப் பின்னால்தான் வீடு. லூர்த்தம்மா குசினியில் வாய்ப்பன் பொரித்துக்கொண்டிருந்தாள். வெளியே கோயில் வெளியில் பெடியள் கடதாசி விரிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் தனியே இருந்தார்கள்.

"அம்மா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். எனக்கு அந்தச் சொல் தெரியும்."

"இப்பத் தெரியும்தானே பிள்ளை. உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு." லூர்த்தம்மா சிரித்துக்கொண்டு வாய்ப்பனைத் திருப்பினாள்.

"அண்டைக்கே தெரியும். பொலிசிலை கேக்கேக்கை தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டனான். கோட்டிலை வாசிச்சினமே, அந்தப் பேப்பரிலை எழுதினதும் நான்தான்."

எண்ணெய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லூர்த்தம்மா அகப்பையை வைத்துவிட்டு அடுப்பை நூர்த்து அணைத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்?"

"பயத்திலை."

"ஆரும் வெருட்டினவையே?"

"இல்லை அம்மா. ஒருத்தரும் வெருட்டேல்லை. நானாத்தான் பயந்தனான்."

லூர்த்தம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. பலகையில் குந்தி, முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு இப்ப வலக்காது கேக்கிறேல்லை," என்றாள். "உள்ளுக்கை இருக்கேக்கை வந்தது. ஆரும் அடிச்சதெண்டு அவன் சொல்லேல்லை. வழுக்கி விழுந்ததாம். நானும் கேக்கேல்லை."

சிவகௌரி கதவுப் பக்கம் திரும்பினாள். "நான் உங்கடை மகனிட்டைச் சொல்லுறன் அம்மா. காலிலை விழுந்தெண்டாலும் சொல்லுறன். அதுக்குத்தான் வந்தனான்."

"வேண்டாம்."

"அம்மா..."

"வேண்டாமெண்டுறன். வந்த அண்டைக்கு இரவு என்னட்டைச் சொன்னவன், 'அம்மா, ஒருத்தரிலையும் பிழையில்லை, ஒரு சொல்லாலை வந்த பிழை' எண்டு. அதை நம்பிக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறான். நீ உன்ரை பாரத்தை இறக்கிறதுக்கு அவன்ரை நித்திரையைக் கெடுத்துப்போடாதை." எழுந்து அடுப்பைத் திரும்ப மூட்டினாள். "உனக்குத் தெரியாது. தெரியாத ஆளாவே இரு. போ, வெளியிலை போய் நில். உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

பிள்ளை என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை.

வெளியே இருள் கவிகிற மைமல் பொழுது. சனம் சுற்றி நின்றது. பெடியள் பிடித்துக்கொண்டு நின்றது உருண்டைக் கூண்டு அல்ல, ஒரு வள்ளத்தைவிட நீளமான கூண்டு. நீலமும் வெள்ளையுமாக, இரண்டு நுனியும் கூர்ந்து, நடுவில் பருத்திருந்தது. கீழ்வாயின் கம்பி வளையத்தில் மண்ணெண்ணெய்த் துணி கட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் ஃபாதர் அறிவித்தார்: "அன்பான மக்களே, இப்பொழுது எமது இளைஞர்கள் ஆகாயக்கப்பலை விடுவார்கள். மீண்டும் சொல்கிறேன், ஆகாயக்கப்பல்." அவர் பழைய பெயரைச் சொல்லவில்லை. வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

துணி பற்றியது. கடதாசி மெல்ல மெல்ல வயிறு ஊதி எழும்பியது. முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் பிள்ளை ஒன்று துள்ளிக்கொண்டு, "புகைக்குண்டு, புகைக்குண்டு," என்று கத்தியது. பக்கத்தில் நின்ற தாய், றஜிந்தனின் அக்கா றொசாந்தி, சட்டென்று அதன் வாயில் ஒன்று போட்டாள்.

"அந்தச் சொல்லைச் சொல்லாதை எண்டு உனக்கு எத்தினைதரம் சொன்னனான்? அது கூடாத சொல்."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பொலிஸ்காரரைப் பார்த்தது. சிவகௌரி பிள்ளையைப் பார்த்தாள். எத்தனை தலைமுறை வாயில் கிடந்த சொல். தமிழில் அதன் பிறப்பைத் தேடி எழுதியவள் அவள். அதைக் கொன்றதும் அவள். பிள்ளையின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தூக்கி அணைக்கக் கை வந்தது, ஆனால் தனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டாள்.

கூண்டு பெடியளின் கையை விட்டு எழும்பியது. சனம் கை தட்டியது. சோளகம் அதைப் பிடித்து, கோயில் கோபுரத்தைத் தாண்டி, முகாம் பக்கமாகக் கொண்டுபோனது. றஜிந்தன் கையிலிருந்த கரியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, சனத்தை விலக்கி அவளிடம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா வந்திட்டியள். எனக்குத் தெரியும் நீங்கள் வருவியளெண்டு. பாத்தியளே எப்பிடிப் போகுதெண்டு?"

"பாத்தன்."

"நாங்கள் இப்ப பழைய பேர் சொல்லுறேல்லை அக்கா. பேரை மாத்திப்போட்டம். உங்களுக்கும் இனிக் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் கரைச்சல் இல்லை." பகிடியாகத்தான் சொன்னான். பெடியள் சிலர் சிரித்தார்கள். "உங்களுக்குத்தான் முதல் பழக்கவேணும். இதுக்குப் பேர் ஆகாயக்கப்பல். எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

குசினி வாசலில் லூர்த்தம்மா வாய்ப்பன் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகாயக்கப்பல்," என்றாள் சிவகௌரி.

றஜிந்தன் தலையைச் சரித்து இடக்காதை அவளுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "கேக்கேல்லை அக்கா. கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ."

அவள் பலமாகச் சொன்னாள்.